கறுத்த திரையைப் பேச வைக்கும் ஒற்றை வரி

கணினியை ஆன் செய்ததும் உபுண்டுவின் சின்னம் வருகிறது. அடியில் வட்டம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஐந்து நிமிடம் ஆகியும் லாகின் திரை வரவில்லை. நேற்று ராத்திரி அப்டேட் போடும் வரை ஒழுங்காக ஓடிய மெஷின். இந்த இடத்தில் பலர் பென்டிரைவைத் தேடி எடுத்து, இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த அவசரம் வேண்டாம். என்ன கோளாறு என்று முதலில் கணினியையே கேட்கலாம்.

மறுபடி பூட் செய்து, 'க்ரப்' என்ற பூட்லோடரின் மெனு வந்ததும் 'இ' விசையை அழுத்த வேண்டும். 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீளமான வரி ஒன்று தெரியும். அதன் கடைசியில் பெரும்பாலும் 'குவையட் ஸ்பிளாஷ்' என்ற இரண்டு சொற்கள் இருக்கும். முதலாவது லினக்ஸின் மையமான கெர்னலின் வாயை அடைக்கிறது. இரண்டாவது அழகான படத்தை முன்னால் நிறுத்துகிறது. இரண்டையும் அழித்துவிட்டு கன்ட்ரோலும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் திரை முழுக்கச் செய்திகள் ஓடும். எந்த வரியில் வந்து நிற்கிறதோ அங்கிருந்து தேடலாம். இப்படிச் செய்யும் மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். தவறாக எதையாவது தட்டிவிட்டாலும் அணைத்துப் போட்டால் பழைய வரி திரும்பிவிடும்.

ஒரு ஃபைலில் எழுதிவைக்காமல் எதற்காக இந்த வரி? பூட் தொடங்கும் நொடியில் கெர்னலுக்கு ஹார்டு டிஸ்க்கைப் படிக்கவே தெரியாது. அதற்கான டிரைவரே இன்னும் எழுந்திருக்காது. ஆகவே பூட்லோடர் இந்த வரியை மெமரியில் வைத்து, கெர்னலின் கையில் கொடுத்து அனுப்புகிறது. இன்டெல் வகைக் கணினிகளில் அது 2048 எழுத்து இடத்துக்குள் அடங்கியாக வேண்டும். கணினி எழுந்த பிறகு 'ப்ராக்' அடைவில் உள்ள 'சிஎம்டிலைன்' கோப்பைத் திறந்தால், அன்று கொடுத்த வரி அப்படியே கிடைக்கும்.

கெர்னலின் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை நிலைகள் உண்டு. 0 என்றால் உயிர்போகும் ஆபத்து. 7 என்றால் பிழை தேடுபவர்களுக்கான பொடி விவரம். 'குவையட்' போட்டால் 4-க்குக் கீழான எண்கள் மட்டுமே திரைக்கு வரும். 'இக்னோர்_லாக்லெவல்' போட்டால் எல்லாம் வரும்.

அதோடு 'இனிட்கால்_டீபக்' என்பதையும் சேர்த்தால் வேலை இன்னும் சுலபம். கெர்னல் எழும்போது ஒவ்வொரு பகுதிக்கும் உரிய தொடக்க ஃபங்ஷனை வரிசையாகக் கூப்பிடுகிறது. இந்த ஆப்ஷன் இருந்தால், கூப்பிடும்போது 'காலிங்' என்று ஒரு வரி. அது முடிந்ததும் 'ரிட்டர்ன்டு' என்று, எத்தனை மைக்ரோசெகண்ட் ஆனது என்ற கணக்கோடு இன்னொரு வரி. கணினி உறைந்துபோனால், 'காலிங்' இருந்து 'ரிட்டர்ன்டு' இல்லாத பெயரைத் தேட வேண்டும். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருப்பான். அந்தப் பெயரை 'இனிட்கால்_பிளாக்லிஸ்ட்' என்ற ஆப்ஷனில் கொடுத்தால் அடுத்த பூட்டில் அதைத் தாண்டிப் போகும். சந்தேகம் சரிதானா என்பது தெரிந்துவிடும். கெர்னலைத் திரும்ப கம்பைல் செய்யாமலே இவ்வளவும் முடிகிறது என்பதுதான் இதன் அருமை.

புதிய ஆப்ஷனை உருவாக்குவதும் மலையைப் புரட்டும் வேலையல்ல. சி மொழியில் ஒரு சிறு ஃபங்ஷன் எழுதி, 'செட்டப்' என்ற மேக்ரோவால் அதற்கு ஒரு பெயரைக் கட்டிவிட வேண்டும். பூட்டின்போது கெர்னல் வரியைச் சொல் சொல்லாகப் படித்து, பெயர் பொருந்தினால் அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும். கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: வேலை முடிந்ததும் ஃபங்ஷன் 1 என்று திருப்பிச் சொல்ல வேண்டும். பழக்கதோஷத்தில் 0 என்று எழுதிவிட்டால், 'இது எனக்குத் தெரியாத சொல்' என்று கெர்னல் முடிவுகட்டி, அதை முதல் புரோகிராமான 'இனிட்'டிடம் தள்ளிவிடும். கெர்னலுக்குள்ளேயே பல இடங்களில் இந்தப் பிழை வருடக்கணக்கில் கிடந்து, பின்னர் திருத்தப்பட்டது.

ஒரே வரியைப் பல பேர் படிப்பதில் உரசலும் வரும். 2014-இல் வந்தது. 'டீபக்' என்ற சொல் கெர்னலுக்கானது. ஆனால் பல லினக்ஸ்களில் 'இனிட்' வேலையைப் பார்க்கும் 'சிஸ்டம்டி'யும் அதைப் படித்துத் தன் செய்திகளைக் கெர்னலின் லாகிலேயே கொட்டியது. பிழை தேடப் போட்ட சொல்லே கணினியை எழவிடாமல் செய்தது. பொதுச்சொல் யாருக்கும் தனிச்சொத்தல்ல என்று சிஸ்டம்டி தரப்பு வாதாட, லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் கொதித்துப்போனார். அந்தத் தரப்பின் உருவாக்குநர் ஒருவர் எழுதும் கெர்னல் நிரலை, போக்கை மாற்றிக்கொள்ளும் வரை சேர்க்கமாட்டேன் என்று அந்த ஏப்ரலில் அறிவித்தார். கோபம் கடுமையானதுதான், ஆனால் எழாத கணினியின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு இருக்கும் ஒரே கருவியைக் கெடுக்கக் கூடாது என்ற நியாயம் அதில் இருந்தது. 2016-இல் கெர்னல் உருவாக்குநர் போரிஸ்லாவ் பெட்கோவ் இதற்கு ஒரு தடுப்பு எழுதினார். வெளிப் புரோகிராம்கள் கெர்னல் லாகில் எழுதுவதை அனுமதிக்கலாம், அளவோடு விடலாம், அறவே நிறுத்தலாம். 'பிரிண்ட்கே.டெவ்கேஎம்எஸ்ஜி' என்ற பெயரில் அதுவும் ஒரு பூட் ஆப்ஷனாகவே வந்து சேர்ந்தது.