சேலம் நாமக்கல் நாடு

ஒரு நாட்டின் சிறப்பை அதன் நீர்வளங்கொண்டு அளப்பது உலக வழக்கு. கடற்கரை வாய்த்த நாடு வாணிகத்தாற் சிறக்கும். ஆற்றுப்படுகை வாய்த்த நாடு நெல்வளத்தாற் சிறக்கும். கடலும் இன்றி, மழையும் குறைந்து, செம்மண்ணும் பாறையுமே மிகுந்த நாடு எவ்வாறு வாழும்? இவ்வினாவிற்கு விடை காண விழைவோர் சேலம், நாமக்கல் ஆகிய இரு மாவட்டங்களின் வாழ்வை உற்று நோக்குதல் வேண்டும்.

இந்நாடு கொங்கு நாட்டின் கீழ்ப்பகுதியாகும். வடக்கே சேர்வராயன் மலையும், கிழக்கே கல்வராயன் மலையும், நாமக்கல்லுக்குக் கிழக்கே கொல்லிமலையும் அரண்போல் நிற்கின்றன. மேற்கிலும் தெற்கிலும் காவிரி வளைந்து செல்கின்றது. இடைப்பட்ட சமவெளியில் கஞ்சமலை, சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் முதலிய குன்றுகள் தனித்தனியே எழுந்து நிற்கும். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுகின்றது. வடகிழக்குப் பருவக்காற்றோ கடற்கரை மாவட்டங்களில் தன் வளத்தைப் பெரிதும் பொழிந்துவிட்டே இங்கு வந்து சேர்கின்றது. திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிட்டநதி என்னும் சிற்றாறுகள் மழைக்காலத்தில் மட்டுமே பெருகுவன. காவிரியோ தாழ்ந்த படுகையில் ஓடுதலின், மேட்டு நிலத்து உழவர் அதனைக் கண்ணாற் கண்டும் கழனிக்குக் கொணர இயலாது பன்னெடுங்காலம் வருந்தினர்.

நீர்வளம் குறைந்த இந்நாடு புகழிற் குறைந்ததன்று. சங்க காலத்தில் கொல்லிமலையை ஆண்ட ஓரி, கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவன் எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தனையும் ஊடுருவிச் சென்றதாக வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டுக் கூறுகின்றது. அதனால் அவன் வல்வில் ஓரி எனப்பட்டான். ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டில், அதியர் மரபினர் நாமக்கல் பாறையின் இரு பக்கங்களையும் குடைந்து, நரசிங்கப் பெருமாளுக்கும் அரங்கநாதப் பெருமாளுக்கும் கோயில் அமைத்தனர். பிறர் பயனற்றதெனக் கருதும் பாறையே இங்குக் கலைக்கோயில் ஆயிற்று. திருச்செங்கோட்டுக் குன்றின்மேல் இறைவன் ஆண்பாதி பெண்பாதியாக எழுந்தருளியுள்ளான்.

பிற்காலத்தில் இந்நாடு மைசூர் மன்னர் கைப்பட்டது. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தான் சேலத்தையும் பாரமகாலையும் ஆங்கிலேயர்க்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீடு என்பாரும் தாமஸ் மன்றோ என்பாரும் இங்கு நிலங்களை அளந்து, உழவரிடமே நேராக வரி பெறும் இரயத்துவாரி முறைக்கு அடிகோலினர். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை 1805ஆம் ஆண்டில் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். பரந்து கிடந்த பழைய சேலம் மாவட்டத்தினின்று 1965ஆம் ஆண்டில் தருமபுரியும், 1997ஆம் ஆண்டில் நாமக்கல்லும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன.

காவிரியைக் கழனிக்குக் கொணரும் முயற்சியை முன்னோர் கைவிடவில்லை. ஜேடர்பாளையத்தினின்று பிரியும் இராஜவாய்க்கால், அல்லாள இளைய நாயக்கர் என்னும் குறுநிலத் தலைவரால் வெட்டுவிக்கப்பெற்றது என்பர். அதன் நீர் பாயும் பரமத்தி வேலூர்ப் பகுதியில் வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் பசுமை பரப்புகின்றன. 1925ஆம் ஆண்டில் தொடங்கி 1934ஆம் ஆண்டில் முடிந்த மேட்டூர் அணை, 120 அடி உயரத்திற்கு நீரைத் தேக்க வல்லது. எனினும், அந்நீரின் பெரும்பகுதி தஞ்சைச் சமவெளிக்கே உரியது. அணையின் இருகரைக் கால்வாய்களும் இந்நாட்டில் ஒரு பகுதிக்கே பயன்படுகின்றன. எஞ்சிய நிலமெல்லாம் கிணற்றையும் வானத்தையுமே நம்பியுள்ளது.

மண்ணின்மேல் வளம் குறைந்த இந்நாட்டில் மண்ணின்கீழ் வளம் மிகுதி. கஞ்சமலையில் இரும்புத் தாது நிறைந்துள்ளது. பண்டைக் கொல்லர் மண்ணுலையில் மரக்கரியிட்டு அதனை உருக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹீத் என்னும் ஆங்கிலேயர், சேலத்துத் தாதைக் கொண்டு பரங்கிப்பேட்டையில் பெரிய உலை ஒன்றை நிறுவினார். மரக்கரி கிடைப்பது அருகியதாலும் பிற இடர்களாலும் அம்முயற்சி நிலைபெறவில்லை. இதனோடு ஐரோப்பாவில் நிகழ்ந்த ஒன்றை ஒப்புநோக்கலாம். ஸ்பெயின் நாட்டின் வடகரையில் பாஸ்க் மக்கள் வாழும் பில்பாவோ நகரை அடுத்தும் இரும்பு மலைகள் உள. அம்மலைகள் கடலை அடுத்திருந்தமையால், தாது கப்பலேறி இங்கிலாந்து சென்றது. அந்நகரும் செல்வம் கொழித்தது. கடலுக்குத் தொலைவில் இருந்த கஞ்சமலைக்கு அவ்வாய்ப்பு இல்லை. இன்று அம்மலையின் அடிவாரத்தில் சேலம் உருக்காலை நிற்கின்றது. 1970ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்ற அவ்வாலை, துருப்பிடியாத எஃகுத் தகடுகளைச் செய்து வருகின்றது. சேர்வராயன் மலையடியில் கிடைக்கும் வெள்ளைக்கல்லோ, உலைகளின் உட்புறத்தில் பதிக்கும் வெப்பந்தாங்கும் செங்கற்கள் செய்ய உதவுகின்றது.

இந்நாட்டு மக்களின் முயற்சிக்குச் சவ்வரிசித் தொழிலே தக்க சான்றாகும். மரவள்ளிக் கிழங்கு தென் அமெரிக்காவில் தோன்றிய பயிர். சிறிது நீர் பெற்றும் வளர வல்லது. இரண்டாம் உலகப்போரின்போது மலேயா முதலிய நாடுகளினின்று சவ்வரிசி வருவது நின்றது. அத்தட்டுப்பாட்டைக் கண்ட சேலத்தார் 1943ஆம் ஆண்டளவில் மரவள்ளியிலிருந்து சவ்வரிசி செய்யத் தொடங்கினர். கிழங்கைத் தோலுரித்துக் கழுவி அரைப்பர். அரைத்ததை நீர்விட்டு வடிகட்டினால் பால்போன்ற நீர் இறங்கும். அதனைத் தொட்டியில் தேக்க, மாவு அடியிற் படியும். அவ்வீரமாவைத் துணித்தூளியிலிட்டுக் குலுக்கினால் சிறு மணிகளாகத் திரளும். அம்மணிகளை வறுத்து வெயிலிற் காயவைப்பர். பயிரை வாட்டும் அதே வெயில் இத்தொழிலுக்குத் துணையாகின்றது! சிறு உற்பத்தியாளர் நல்ல விலை பெறும்பொருட்டு 1981ஆம் ஆண்டில் சேலத்தில் கூட்டுறவுச் சங்கம் ஒன்று நிறுவப்பெற்றது. 2023ஆம் ஆண்டில் சேலம் சவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது.

பிற தொழில்களும் இவ்வாறே வளர்ந்தன. சேலத்து வெண்பட்டு வேட்டியும் வெள்ளிக் கொலுசும் பல ஊர்களில் விலைபோகின்றன. மாம்பழம் என்றாலே சேலத்தின் பெயர் நாவில் எழும். உழவை மட்டும் நம்பி வாழ இயலாத நாமக்கல் மக்கள் லாரிக்குக் கூடு கட்டினர், லாரி ஓட்டினர், கோழிப்பண்ணைகள் வைத்தனர். இன்று நாமக்கல் முட்டை கடல்கடந்தும் செல்கின்றது. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன.

உடலுழைப்பில் முந்திய இந்நாடு உள்ளத்தொண்டிலும் பின்தங்கவில்லை. சேலம் நகராட்சித் தலைவராகப் பணியாற்றிய இராஜாஜி, 1925ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். வறட்சியால் வாடிய சிற்றூர் மக்களுக்கு நூல் நூற்றலும் கதர் நெய்தலும் கஞ்சி வார்த்தன. அவர் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானபோது, 1937ஆம் ஆண்டில் மதுவிலக்கு முதன்முதல் சேலம் மாவட்டத்திலேயே நடைமுறைக்கு வந்தது. மோகனூரிற் பிறந்த இராமலிங்கம் பிள்ளை நாமக்கல் கவிஞர் எனப் புகழ்பெற்று, விடுதலை வேட்கையைப் பாட்டால் வளர்த்தார். சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், தமிழில் மட்டுமன்றி, 1938ஆம் ஆண்டில் மலையாளத்தின் முதற் பேசும் படத்தையும் அளித்தது.

இத்துணைச் சிறப்புகளுக்கு நடுவே ஒரு கவலையும் உண்டு. நாடெங்கும் சென்று நிலத்தைத் துளைத்து நீர் காட்டும் திருச்செங்கோட்டாரின் சொந்த மண்ணிலேயே நிலத்தடி நீர் ஆழ்ந்து ஆழ்ந்து செல்கின்றது. முத்தின் பெயர் தாங்கிய திருமணிமுத்தாறு, சேலம் நகரைக் கடக்கையில் கழிவுநீரும் சாயநீரும் சுமந்து கறுத்து ஓடுகின்றது. தொழில் தந்த செல்வத்தைக் கொண்டு கோயிலும் மாளிகையும் கட்டலாம்; கெட்டுப்போன ஆற்றை விலைக்கு வாங்க முடியுமா? சாயப்பட்டறையின் நீரைத் தூய்மை செய்து விடுதல், ஏரிகளைத் தூர்வாருதல், பெய்யும் மழையை வீணாக்காது நிலத்துள் இறக்குதல் ஆகியன இனிச் செய்ய வேண்டிய தொழில்களாம்.

கல்லைக் கோயிலாக்கியவர், கிழங்கை மணியாக்கியவர், வெயிலைத் துணையாக்கியவர் இந்நாட்டு மக்கள். இல்லாததை உழைப்பால் உண்டாக்கிய அவர்களுக்கு, இருக்கும் சிறிது நீரைக் காத்தல் அரிய செயலாகாது. முன்னோர் வெட்டிய வாய்க்காலைப் போற்றுவதோடு நில்லாமல், அவர்தம் முயற்சியையும் மேற்கொள்ளுதலே இளையோர்க்கு உரிய கடமையாகும்.