விளையாட்டுத் திடலில் கணக்கும் அறிவியலும்

நடுநிலைப் பள்ளிகளில் உடற்கல்விக்கென ஒதுக்கப்படும் பாடவேளை, தேர்வு நெருங்கும்போது கணக்குக்கும் அறிவியலுக்கும் இரையாகிவிடுவது வழக்கம். அப்பாடங்களையே திடலுக்கு அழைத்துச் செல்வது இதற்கு ஒரு மாற்று. விளையாட்டைப் பிற பாடங்களின் கற்பித்தலில் இணைக்குமாறு 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது; இது அதன் மறுபக்கம்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்துச் சிறுவருக்குப் படியேறுதல் புதிதன்று. அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதையில் ஏறத்தாழ 3,550 படிகள் உள்ளன. 40 கிலோ எடையுள்ள மாணவர் 100 மீட்டர் உயரம் ஏறினால், புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை 39,200 ஜூல். அதாவது, சுமார் 9.4 கிலோகலோரி. தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் வேலையாக மாற்றுகின்றன. ஆகவே உண்மையான செலவு ஏறத்தாழ 40 கிலோகலோரி. ஒரு சிறிய இட்லி தரும் ஆற்றல் அவ்வளவுதான்! பள்ளி மாடிப்படியின் உயரத்தை அளந்து, ஏறுவதற்கு முன்னும் பின்னும் நாடித்துடிப்பை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், வரைபடத்துக்கு வேண்டிய புள்ளிகள் கிடைத்துவிடும்.

ஓட்டப்பந்தயத்தில் வெளிப்பாதையில் ஓடுபவர் ஏன் முன்னே நிறுத்தப்படுகிறார்? பாதையின் அகலம் 1.22 மீட்டர் எனில், ஒரு சுற்றில் அடுத்தடுத்த பாதைகளின் நீள வேறுபாடு 2 × பை × 1.22, அதாவது ஏறத்தாழ 7.7 மீட்டர். திடல் 200 மீட்டர் சுற்றளவுடையதாயினும் 400 மீட்டராயினும் இவ்வேறுபாடு மாறுவதில்லை. மாணவர் இதை எளிதில் நம்பமாட்டார்கள். கயிறு பிடித்து அளக்கட்டும்.

தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இவ்வெல்லைப் பகுதியில் மொழிப்பாடத்துக்கும் இடமுண்டு. தமிழில் சடுகுடு, தெலுங்கில் செடுகுடு. இரு பெயர்களின் உறவே ஒரு பாடம்.

கல்வி உரிமைச் சட்டம் (2009), 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100-க்கு மேற்பட்ட மாணவர் உள்ள பள்ளிகளுக்கே பகுதிநேர உடற்கல்விப் பயிற்றுநரை வரையறுத்துள்ளது. அதனினும் சிறிய பள்ளிகளில் கணக்காசிரியரே திடலுக்கும் வர நேரலாம். அங்கு இம்முறை இயல்பாகவே பொருந்தும், இடரும் அங்கேதான். விளக்கவுரை நீண்டால் மாணவர் மீண்டும் உட்கார்ந்துவிடுவர். ஆதலால் திடலில் ஓட்டமும் அளவெடுப்பும் மட்டும் நடைபெற வேண்டும். கணக்கிடுதலும் வரைபடமும் மறுநாள் வகுப்பறையில், கணக்குப் பாடவேளையிலேயே நடக்கட்டும்.