தொப்பூர் ஏற்றமும் பழைய காரின் ஒலியும்

தருமபுரி நகரம் சேலத்தைவிட உயரமான மேட்டு நிலத்தில் அமைந்திருப்பதால், சேலத்திலிருந்து வடக்கே செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொப்பூர்க் கணவாயின் வழியே ஏறித்தான் அந்நகரை அடைகிறது. ஒகேனக்கலிலிருந்து பென்னாகரத்துக்குத் திரும்பும் சாலையும், வத்தல்மலைக்குச் செல்லும் சாலையும் இவ்வாறே ஏற்றம் மிகுந்தவை. சமதளத்தில் குறையின்றி ஓடும் பழைய கார், இத்தகைய ஏற்றங்களில் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் புதிய ஒலி ஒன்றை எழுப்புவதைப் பலர் கேட்டிருப்பர். ஏற்றம் அந்தக் கோளாறை உண்டாக்குவதில்லை. தேய்ந்தும் தளர்ந்தும் முன்பே இருந்த ஒன்றை, பளு கூடும்போது செவிக்கு எட்டச் செய்கிறது.

பளு எவ்வளவு கூடுகிறது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். நான்கு பேருடன் ஏறத்தாழ 900 கிலோ எடையுள்ள மாருதி 800 கார், 20 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு, புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் 5 கிலோவாட் அளவு திறனைச் செலவிட வேண்டும். அதே வேகத்தில் சமதளத்தில் ஓடுவதற்கு இதில் பாதி அளவே போதும் என்பதால், இத்தகைய மிதமான ஏற்றம்கூட எஞ்சினின் வேலையை மூன்று மடங்காக்கிவிடுகிறது. முடுக்கம், அதாவது வேகத்தைக் கூட்டும் செயலும், ஏற்றத்தைப் போலவே பளுவைக் கூட்டுகிறது.

மாருதி 800, அம்பாசடர் ஆகிய இரண்டு கார்களின் உற்பத்தியும் 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டதால், இன்று ஓடும் இவ்வகைக் கார்கள் யாவும் பத்தாண்டு கடந்தவை. இவற்றில் ஒலி எழுந்தால், "கடகட" என்கிறது, "உய்" என்கிறது என்று சொல்லிப் பட்டறையில் விட்டுவிடுவதும், அங்கே ஒவ்வோர் உதிரிப் பாகமாக மாற்றிப் பார்ப்பதும் வழக்கமாக உள்ளது. இது பணத்தையும் நாட்களையும் வீணாக்கும் முறை. ஓர் ஒலி எதைப் போலிருக்கிறது என்பதைக் காட்டிலும், அது எதைச் சார்ந்து மாறுகிறது என்பதே கோளாறின் இடத்தைத் தெளிவாகக் காட்டும். எஞ்சினின் சுழற்சி வேகம், சக்கரத்தின் சுழற்சி வேகம், பளு ஆகிய மூன்றும் முடுக்கும்போது ஒருசேரக் கூடுவதால்தான் குழப்பம் நேர்கிறது. அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்ப்பதே நோயறிதலின் சாரம்.

இந்தப் பிரிப்புக்குக் கருவி எதுவும் தேவையில்லை. சமதளச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாம் கியரில் சிறிது தூரமும், அதே வேகத்தில் இரண்டாம் கியரில் சிறிது தூரமும் ஓட்டினால், சக்கரத்தின் சுழற்சி மாறாமலிருக்க, எஞ்சினின் சுழற்சி மட்டும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். ஒலியின் சுருதி அதனுடன் உயர்ந்தால் அது எஞ்சினையோ எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பாகத்தையோ சார்ந்தது. மாறாவிட்டால் கியர்பாக்சுக்குப் பின்னாலுள்ள ஆக்சில், பேரிங், டயர் ஆகியவற்றைச் சார்ந்தது. வண்டியை நிறுத்தி நியூட்ரலில் எஞ்சினை உறுமவிடுவது எளிய சோதனைதான் என்றாலும், அதில் எஞ்சினுக்குப் பளு ஏறக்குறைய இல்லாததால், அப்போது ஒலி கேட்கவில்லை என்பதைக் கொண்டு எஞ்சினில் குறையில்லை என்று தீர்ப்பளிப்பது தவறு.

பளுவை முதன்மையாகச் சார்ந்து எழும் ஒலிகளில் தலையானது, பட்டறைகளில் நாக்கிங் எனப்படும் தட்டொலி. தகரக் குவளையில் துவரையைப் போட்டுக் குலுக்கியதைப் போன்ற இவ்வொலி, உயர்ந்த கியரில் மெதுவாக ஏற்றம் ஏறும்போது தெளிவாகக் கேட்கும். பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்பே பிளக்கின் பொறி கலவையைப் பற்றவைக்கிறது. சுடர் ஒரு முனையிலிருந்து சீராகப் பரவ வேண்டும். ஆனால் வெப்பமும் அழுத்தமும் அளவு மீறினால், சுடர் இன்னும் எட்டாத கடைக்கோடிக் கலவை தானாகவே ஒரு நொடியின் சிறு பின்னத்தில் முழுவதும் பற்றிக்கொள்கிறது. அப்போது எழும் அழுத்த அலைகள் சிலிண்டரின் சுவர்களில் மோதி, நொடிக்குப் பல ஆயிரம் முறை அதிர்வதையே காது தட்டொலியாக உணர்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது கடைக்கோடிக் கலவை சூடாவதற்குக் கிடைக்கும் நேரம் கூடுகிறது. ஆக்சிலேட்டர் முழுவதும் திறந்திருப்பதால் அழுத்தமும் உச்சத்தில் இருக்கிறது. ஒரு கியர் குறைத்தவுடன் ஒலி மறைவதற்கு இதுவே காரணம். அப்படி மறைந்தால் கோளாறு தட்டொலிதான் என்பதும் பெரும்பாலும் உறுதியாகும்.

தட்டொலியைத் தாங்கும் பெட்ரோலின் ஆற்றல் ஆக்டேன் எண்ணால் அளக்கப்படுகிறது. அந்த ஆற்றலைக் கூட்ட ஈயச் சேர்மத்தைக் கலக்கலாம் என்று 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்தார். காற்றை நஞ்சாக்கிய அந்த ஈயம் இந்தியாவில் 2000ஆம் ஆண்டில்தான் முற்றிலும் விலக்கப்பட்டது. இப்போது கலக்கப்படும் எத்தனால் இயல்பிலேயே ஆக்டேன் எண் உயர்ந்தது; ஆகவே புதிதாகத் தட்டொலி எழுந்தால் பெட்ரோலை மட்டும் குறைசொல்வது பொருந்தாது. பழைய எஞ்சினில் பிஸ்டன் தலையில் படிந்த கரி எரியறையின் இடத்தைக் குறுக்கி அழுத்தத்தைக் கூட்டியிருக்கலாம். டிஸ்டிரிபியூட்டர் உள்ள வண்டிகளில் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், அளவுக்கு மேல் முன்னகர்ந்திருக்கலாம். ரேடியேட்டரும் ஒரு காரணமாகலாம், அதிலும் தருமபுரிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒகேனக்கல் காவிரி நீரைக் குழாய் வழியே கொண்டுவரும் பெருந்திட்டம் தேவைப்படும் அளவுக்கு இம்மாவட்டத்தின் நிலத்தடி நீர் ஃபுளோரைடு மிகுந்தது. பல இடங்களில் அது உப்புகள் மிகுந்த கடின நீராகவும் இருக்கிறது. அத்தகைய ஆழ்துளைக் கிணற்று நீரையே ஆண்டுக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றிவந்தால், கால்சியம், மக்னீசிய உப்புகள் குறுகிய குழாய்களில் படிந்து, எஞ்சின் குளிர்வது தடைபட்டு, தட்டொலிக்கு வழி பிறக்கும். கூலன்ட் எனப்படும் குளிர்விப்புக் கரைசலை வாலை வடிநீருடன் கலந்து ஊற்றுவது செலவன்று, காப்பு.

எஞ்சின் வேகத்தைச் சார்ந்த மற்ற ஒலிகளுள் பல எளிதில் தீர்பவை. சைலன்சர் குழாய் எஞ்சினோடு இணையும் இடத்தில் கேஸ்கெட் கிழிந்திருந்தால், முடுக்கும்போது வெடித்து வெளியேறும் வாயு "டிக் டிக்" என ஒலித்து, இணைப்பைச் சுற்றிக் கரிய தடம் விட்டிருக்கும். டைனமோ பெல்ட் தளர்ந்திருந்தால் "கீச்" என்ற ஒலி எழும். ஓடும் பெல்ட்டின் மீது சிறிது நீர் தெளித்ததும் அது மாறினால் சந்தேகம் உறுதிப்படும், ஆனால் கையும் துணியும் பெல்ட்டின் அருகே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட ஒரு சுழற்சி வேகத்தில் மட்டும் எழுந்து, அதைக் கடந்ததும் அடங்கும் அதிர்வொலி, தளர்ந்த தகட்டுக்கோ மவுண்டுக்கோ உரியது. அந்தப் பாகத்தின் இயல்பான அதிர்வெண்ணும் எஞ்சினின் அதிர்வெண்ணும் ஒன்றுபடும் ஒத்ததிர்வே அது.

சக்கரத்தைச் சார்ந்த ஒலிகளில் எண்ணிக்கை துணைசெய்கிறது. அம்பாசடரில் எஞ்சின் முன்னாலும் இயங்கும் சக்கரங்கள் பின்னாலும் இருப்பதால், புரொபெல்லர் ஷாஃப்ட் என்னும் நீண்ட உந்துதண்டு இரண்டையும் இணைக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அதன் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 8 முறை சுழல, உந்துதண்டு அதைப்போல் நான்கு மடங்குக்கும் கூடுதலாகச் சுழல்கிறது. ஆகவே தனித்தனி அடிகளாகக் கேட்பது சக்கரத்தையும், தொடர்ந்த முரலொலியாகக் கேட்பது உந்துதண்டையும் சுட்டும். வண்டி கிளம்பும்போதும் ஆக்சிலேட்டரை விட்டு மீண்டும் அழுத்தும்போதும் "டக்" என்று ஓர் அடி விழுந்தால், மெக்கானிக்குகள் கிராஸ் என்று அழைக்கும் சிலுவை வடிவ இணைப்பு தேய்ந்திருக்கும். பின் ஆக்சிலிலுள்ள கிரவுன் பினியன் பற்சக்கரங்கள் முடுக்கும்போது பல்லின் ஒரு பக்கத்தாலும், ஆக்சிலேட்டரை விட்டதும் மறுபக்கத்தாலும் பொருந்துவதால், முடுக்கும்போது மட்டும் கேட்டு, விட்டதும் நிற்கும் ஊளையொலி, பற்களின் தள்ளும் பக்கம் தேய்ந்துள்ளதைக் காட்டும்.

மாருதி 800இல் முன்சக்கரங்களே இயங்குவதோடு திரும்பவும் செய்கின்றன. சாய்ந்த நிலையில் கிராஸ் இணைப்பு ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடியும் குறைந்தும் சுழலும் என்பதால், அதற்கு மாற்றாக எஃகுக் குண்டுகள் கொண்ட சிவி ஜாயின்ட் என்னும் சீர்வேக இணைப்பு இதில் அமைந்துள்ளது. அதை மூடும் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வழிந்து, மண் புகுந்துவிட்டால், வளைவில் திரும்பியபடி முடுக்கும்போது "கடக் கடக்" என்ற ஒலி எழும். வத்தல்மலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் திருப்பமும் பளுவும் ஒருசேர அமைவதால், நேர்ச்சாலையில் மறைந்திருந்த இக்கோளாறு அங்கே தவறாமல் வெளிப்படும்.

ஒலி எழும் இடத்தை மேலும் நெருங்கிக் கண்டறிய, பழைய மெக்கானிக்குகள் நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சின் உடலில் வைத்துக் கைப்பிடியைக் காதருகே பிடிக்கும் முறை அறிவியலுக்கு ஒத்ததே. அதிர்வு காற்றில் சிதறிப்போகாமல் எஃகின் வழியே நேராகக் காதை எட்டுகிறது. சோதனைகளில் எதையும் தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் செய்துபார்க்கக் கூடாது. சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சாலை விபத்துகளுக்குப் பெயர்பெற்றது. அங்கே நியூட்ரலில் விட்டால் எஞ்சினின் தடுப்பு ஆற்றலும், எஞ்சினை அணைத்துவிட்டால் பிரேக் பூஸ்டரின் துணையும் இல்லாமற்போகும்.

ஒலிகளுள் ஒன்றில் மட்டும் ஓட்டிச் சோதிப்பதற்கும் காத்திருப்பதற்கும் இடமில்லை. எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து கனத்து எழுந்து, முடுக்கும்போது உரத்து, ஆயில் சூடேறியபின் மேலும் கூடும் "தட் தட்" என்னும் அடியே அது. பிஸ்டனின் தண்டு கிராங்க் ஷாஃப்டைப் பற்றும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங் தேய்ந்து, இடையிலிருக்க வேண்டிய மெல்லிய ஆயில் படலம் கிழிந்து, உலோகம் உலோகத்தின் மீது மோதுவதால் அது எழுகிறது. அனுபவமுள்ள மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டரின் பொறியையும் முறையே நிறுத்திப் பார்க்கையில், எந்தச் சிலிண்டரில் ஒலி தணிகிறதோ அங்கேயே தேய்வு இருப்பதை அறிவார். இவ்வொலியுடன் ஆயில் விளக்கும் எரிந்தால் எஞ்சினை உடனே அணைத்துவிட வேண்டும். மேலும் ஓட்டினால் தண்டு முறிந்து எஞ்சின் உடலையே உடைத்துக்கொண்டு வெளிவரக்கூடும். பட்டறை எவ்வளவு அருகில் இருந்தாலும் வண்டியை ஓட்டிச் செல்லாமல், இழுவை வண்டியில் ஏற்றிச் செல்வதே சரி.