வாடகைக்குள் ஒளிந்திருந்த கடன்

சென்னையில் கடை பிடித்தால் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார்கள். வட்டி கிடையாது. காலி செய்யும்போது வெள்ளையடிக்க, குழாய் மாற்ற என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார்கள். மாலை வகுப்பில் சி.ஏ. மாணவர்களுக்கு ஐ.எஃப்.ஆர்.எஸ். எனப்படும் சர்வதேச நிதி அறிக்கைத் தரங்களை இந்த அட்வான்ஸை வைத்துத்தான் ஆரம்பிக்கிறேன்.

பத்து லட்சத்தை ஐந்து வருடம் வட்டியில்லாமல் ஒருவரிடம் கொடுத்து வைக்கிறோம். பத்து சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், ஐந்து வருடம் கழித்து வரப்போகும் அந்தப் பணத்தின் இன்றைய மதிப்பு 6.21 லட்சம்தான். மீதி 3.79 லட்சம்? கட்டட உரிமையாளருக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்ட வாடகை என்கிறது தரம். எந்த வாடகைப் பத்திரமும் அப்படிச் சொல்லாது. பத்திரம் என்ன சொன்னால் என்ன, நடந்தது எதுவோ அதைக் கணக்கில் எழுது என்கிறார்கள். ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு நீளும் இந்தத் தரங்களின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பேன்.

தெருமுனைக் கடைக்காரருக்கு இந்தத் தலைவலி கிடையாது. இது பெரிய கம்பெனிகளின் விவகாரம். தரங்களை வகுப்பது 2001இல் லண்டனில் தொடங்கிய சர்வதேசக் கணக்கியல் தர வாரியம். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் பங்குச்சந்தைக் கம்பெனிகளுக்கு இவற்றைக் கட்டாயமாக்கியது. இலங்கை 2012இல் மாறியது. இந்தியா அப்படியே எடுத்துக்கொள்ளாமல், இவற்றை ஒட்டி ‘இண்ட் ஏ.எஸ்.’ என்று சொந்தமாக ஒரு தொகுப்பை வைத்திருக்கிறது. பெரிய கம்பெனிகளுக்கு 2016 ஏப்ரலில் அது கட்டாயமானது.

அந்த வாரியத்தின் முதல் தலைவர் சர் டேவிட் ட்வீடிக்கு ஓர் ஆசை இருந்தது. கண்ணை மூடுவதற்குள், விமான நிறுவனத்தின் பேலன்ஸ் ஷீட்டில் இருக்கும் விமானம் ஒன்றில் பறந்துவிட வேண்டுமாம். கணக்காளர்கள் கூட்டத்தில் மட்டும் சிரிப்பு வரும் நகைச்சுவை, ஆனால் குத்தல் ஆழமானது. விமான நிறுவனங்கள் பல விமானங்களை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து ஓட்டுகின்றன. பழைய விதிப்படி அந்தந்த மாத வாடகையைச் செலவாக எழுதினால் போதும். பேலன்ஸ் ஷீட்டில் விமானமும் இருக்காது, இன்னும் எட்டு வருடம் கட்டியே தீர வேண்டிய பணமும் இருக்காது. அது பின்பக்கக் குறிப்புகளில் பொடி எழுத்தில் கிடக்கும். வங்கிக் கடனில் அதே விமானத்தை வாங்கிய போட்டியாளரோ கடனாளியாகத் தெரிவார்.

வாரியத்தின் மதிப்பீட்டில், உலகப் பங்குச்சந்தைக் கம்பெனிகளின் குத்தகைப் பொறுப்பு சுமார் 3.3 லட்சம் கோடி டாலர். அதில் 85 சதவீதத்துக்கும் மேல் பேலன்ஸ் ஷீட்டுக்கு வெளியே இருந்தது. 2008 கடைசியில் மூழ்கிய பிரிட்டனின் வூல்வொர்த்ஸ் போன்ற சங்கிலிக் கடைகளுக்குக் கழுத்து வரை குத்தகை இருந்ததைக் காட்டித்தான் வாரியம் மாற்றத்துக்கு வாதாடியது. குத்தகையை பேலன்ஸ் ஷீட்டுக்குள் கொண்டுவரச் சொல்லி 2016 ஜனவரியில் வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ். 16, 2019இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியாவில் இண்ட் ஏ.எஸ். 116.

கரும்பலகையில் நான் போடும் கணக்கு இது. ஒரு கிளைக்கு ஆண்டு வாடகை 12 லட்சம், ஒப்பந்தம் ஐந்து ஆண்டு, வட்டி பத்து சதவீதம். கட்டப்போகும் 60 லட்சத்தின் இன்றைய மதிப்பு 45.49 லட்சம். அது கடனாக ஒரு பக்கம், கடையைப் பயன்படுத்தும் உரிமை என்ற சொத்தாக மறுபக்கம் ஏறும். முதல் வருடச் செலவு வட்டி 4.55 லட்சம், தேய்மானம் 9.10 லட்சம், ஆக 13.65 லட்சம். கடைசி வருடம் 10.19 லட்சம்தான். ஐந்து வருடத்தைக் கூட்டினால் அதே 60 லட்சம்.

இதில் எனக்குப் பிடிக்காத ஒரு பக்கவிளைவு உண்டு. வாடகை என்ற வரி மறைந்து வட்டியும் தேய்மானமும் ஆகிவிட்டதால், அவ்விரண்டையும் கழிப்பதற்கு முந்தைய லாபம் தடாலென்று உயர்ந்துவிடும். கூடுதலாக ஒரு சட்டை விற்றிருக்காது! பங்கு விற்பவர்கள் தூக்கிக் காட்டும் ‘எபிட்டா’ இதுதான். 2019க்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பக்கத்தில் வைத்து வளர்ச்சி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டாலரில் குத்தகை எடுத்தவர்களுக்கு வேறு சங்கடம். இண்டிகோவின் கடனில் பெரும்பகுதி விமானக் குத்தகைப் பொறுப்புதான். ரூபாய் சரிந்தால், இனிமேல் கட்டப்போகும் அத்தனை வருட டாலர் பாக்கியும் அந்தக் காலாண்டிலேயே வீங்கி, அந்நியச் செலாவணி நஷ்டமாக வந்து நிற்கும். பயணிகள் நிரம்பி வழிந்த காலாண்டிலும் லாபம் ஏன் கரைகிறது என்று திகைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய வரி அது.

விதி வந்தால் சந்தும் வரும். பன்னிரண்டு மாதத்துக்கு மிகாத குத்தகைக்கு விலக்கு உண்டு என்றதும் மாணவர்கள் முகம் மலரும். நம் ஊரில்தான் பதினோரு மாதப் பத்திரம் இருக்கிறதே! ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து நழுவப் பிறந்த வழக்கம் அது. லண்டன்காரர்களுக்கு இது தெரிந்திருக்காது, ஆனாலும் பதில் வைத்திருக்கிறார்கள். கடைக்குள் எண்பது லட்சத்துக்கு மர வேலையும் ஏ.சி.யும் செய்துவிட்டுப் பதினோராம் மாதம் யாராவது காலி செய்வார்களா? வெளியேறினால் பெரிய நஷ்டம் என்றால், பத்திரத்தில் உள்ள மாதத்தோடு நிற்காமல் குத்தகை உண்மையில் எத்தனை வருடம் ஓடும் என்று தணிக்கையாளர் தோண்டிக் கேட்க வேண்டும்.

தோண்ட வேண்டிய இன்னோர் இடம் அந்த வட்டி விகிதம். ஒப்பந்தத்துக்குள் இருக்கும் விகிதம் தெரியாதபோது, தனக்கு என்ன வட்டிக்குக் கடன் கிடைக்கும் என்பதைக் கம்பெனியே கணிக்கிறது. என் கரும்பலகைக் கணக்கில் பத்தைப் பன்னிரண்டாக்கினால் கடன் 43.26 லட்சமாக இறங்கும். வாடகையில் ஒரு பைசா குறையவில்லை. கடனில் மட்டும் இரண்டே கால் லட்சம் மாயம். ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தால் வண்ணப்படப் பக்கங்களைத் தாண்டி, குத்தகைக் குறிப்புக்குப் போய், எந்த விகிதத்தைப் போட்டிருக்கிறார்கள், சென்ற ஆண்டு என்ன போட்டிருந்தார்கள் என்று தேடுங்கள்.