முதல் பாத்திரமேற்கும் நிகழ்பட ஆட்டத்தை உருவாக்குதல்

பாத்திரமேற்கும் நிகழ்பட ஆட்டம் என்பது, ஆடுபவர் ஒரு கதைமாந்தரின் இடத்தில் இருந்து கற்பனை உலகொன்றில் உலாவி, உரையாடி, போரிட்டு, அக்கதைமாந்தரின் திறன்களைப் படிப்படியாக வளர்த்துச் செல்லும் நிகழ்பட ஆட்ட வகையாகும். இது ஆர்.பி.ஜி. என்ற சுருக்கப் பெயராலும் அறியப்படுகிறது. ஆட்ட உருவாக்கத்தைப் புதிதாகக் கற்பவர் பலர் முதலில் செய்ய விரும்புவது இவ்வகை ஆட்டத்தையே. ஆயினும் பாதியில் கைவிடப்படும் வாய்ப்பு மிகுந்ததும் இதுவே. கதை, நிலப்படம், போர், கடை, உரையாடல், சேமிப்பு, இசை ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று பொருந்தி இயங்கினால்தான் இது ஓர் ஆட்டமாகும். ஒவ்வொன்றையும் பெரிதாகத் தொடங்கியவர், எதுவும் ஆடத்தக்கதாக மாறும் முன்னரே களைத்துவிடுகிறார். முதல் ஆட்டத்தை எங்கிருந்து தொடங்குவது, எவற்றை ஒத்திவைப்பது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

இவ்வகையின் வேர் கணினியில் இல்லை; தாளிலும் பகடையிலும் உள்ளது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகியோர் உருவாக்கி 1974 இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை ஆட்டத்தில், ஒவ்வொரு பாத்திரமும் சில எண்களாகத் தாளில் எழுதப்பட்டது. வலிமை எவ்வளவு, எவ்வளவு அடி தாங்கும், எத்தனை அனுபவப் புள்ளி சேர்ந்தால் அடுத்த நிலைக்கு உயரும் என்பவை விதிகளாக வகுக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளிலேயே அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினிகளில் மாணவர்கள் இவ்விதிகளை நிரல்களாக எழுதினர். 1981 இல் ரிச்சர்ட் கேரியட்டின் அல்டிமா, ஆண்ட்ரூ கிரீன்பர்க், ராபர்ட் உட்ஹெட் ஆகியோரின் விசார்ட்ரி ஆகியவை தனிமேசைக் கணினிகளுக்கு வெளிவந்தன.

தொடங்குபவர் இவ்வரலாற்றிலிருந்து ஒன்றைக் கற்கலாம். இவ்வகை ஆட்டத்தின் கரு எண்களும் விதிகளுமே. அக்கருவைப் படமோ இசையோ இன்றித் தாளிலேயே சோதித்துப் பார்க்க இயலும்.

எடுத்துக்காட்டு: டிராகன் குவெஸ்ட்

எதைச் சிறிதாக்கலாம் என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, சப்பானில் 1986 மே 27 அன்று எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட டிராகன் குவெஸ்ட் ஆகும். யூஜி ஹோரி இதனை வடிவமைத்தார். கொய்ச்சி நகமுராவின் சுன்சாஃப்ட் நிறுவனம் நிரலாக்கியது. இதனை உருவாக்கியோர் அல்டிமாவையும் விசார்ட்ரியையும் விரும்பி ஆடியவர்கள். எனினும் அவற்றைப் போன்று பெரிதான ஒன்றை அவர்கள் முதலில் செய்யவில்லை. முழு ஆட்டமும் 64 கிலோபைட்டு அளவே உள்ள பேழையில் அடங்கவேண்டியிருந்தது.

எனவே அவ்வாட்டத்தில் வீரர் ஒருவரே உண்டு. போரில் எதிரியும் ஒரு நேரத்தில் ஒன்றே. உயர் நிலை 30 உடன் முடிந்துவிடும். இடத்தை மிச்சப்படுத்தச் சப்பானிய கதகனா எழுத்துகளில் 20 மட்டுமே சேர்க்கப்பட்டன. பூதங்களின் பெயர்களும் ஊர்களின் பெயர்களும் அவ்வெழுத்துகளுக்குள் அமையுமாறு தேர்ந்தெடுக்கப்பட்டன.

ஆட்டம் அரசவை அறையில் தொடங்குகிறது. அவ்வறையின் கதவு பூட்டியிருக்கும். அரசரிடம் பேசி, பெட்டிகளைத் திறந்து, அவற்றிலுள்ள சாவியால் கதவைத் திறந்து, படியில் இறங்கினால்தான் வெளியே செல்லலாம். ஆட்டத்திற்கு வேண்டிய கட்டளைகளை ஆடுபவர் அந்த ஓர் அறையிலேயே கற்றுக்கொள்கிறார். வெளியே வந்தவுடன், நீருக்கு அப்பால் இறுதி எதிரியின் கோட்டை கண்ணில் படுகிறது. போகவேண்டிய இடம் தெரிகிறது. போகும் வழி தெரியவில்லை. நீண்ட முன்கதை இன்றியே நோக்கம் விளங்கிவிடுகிறது.

இரண்டாம் நிலையை அடைய 7 அனுபவப் புள்ளிகள் போதும். மிக எளிய எதிரியான ஸ்லைமை வென்றால் 1 புள்ளி கிடைக்கும். அதாவது சில மணித்துளிகளிலேயே முதல் வளர்ச்சி நிகழ்ந்துவிடுகிறது.

1987 இல் வந்த இரண்டாம் ஆட்டத்தில் வீரர்கள் மூவராயினர். 1988 இல் வந்த மூன்றாம் ஆட்டத்தில் நால்வர் கொண்ட குழுவும், அவர்களுக்கான தொழில்களைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் வந்தன. தேர்ந்த வல்லுநர்களே ஒருவரில் தொடங்கி நால்வருக்குச் சென்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. தனியொருவர் தம் முதல் முயற்சியிலேயே நால்வரில் தொடங்குவது பெரும்பாலும் முடிவடையாத வேலையாகும்.

கருவைத் தெரிவு செய்தல்

உலக வரலாறு, அரச மரபுகள், பல நகரங்கள் கொண்ட நிலப்படம் ஆகியவற்றை எழுதுவதில் பலர் தொடங்குகின்றனர். இது இன்பமான வேலை. ஆனால் ஆடிப் பார்க்கக்கூடியதன்று. ஆடுபவர் மீண்டும் மீண்டும் செய்யப்போகும் செயல் எது என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும். அதுவே ஆட்டத்தின் கரு. பெரும்பாலான ஆட்டங்களில் அது பின்வரும் சுழற்சியாக அமைகிறது:

* ஊரை விட்டு வெளியே செல்லுதல்
* எதிரியுடன் மோதுதல்
* காசும் அனுபவப் புள்ளியும் பெறுதல்
* ஊருக்குத் திரும்பி ஓய்வெடுத்து, மேலான கருவி வாங்குதல்
* முன்னைவிடச் சற்றுத் தொலைவு செல்லுதல்

இச்சுழற்சி சலிப்பூட்டுமாயின், எவ்வளவு நல்ல கதையும் ஆட்டத்தைக் காப்பாற்றாது. கரு போராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. 2011 இல் வெளிவந்த டு த மூன் என்ற ஆட்டத்தில் போர் ஏறக்குறைய இல்லை. நினைவுகளைத் தேடிச் செல்வதே அதன் கரு. எதுவாயினும் ஒன்றைத் தெரிவு செய்து, அதனை முதலில் இயங்கச் செய்வதே முறை.

டோபி பாக்ஸ் உருவாக்கிய அண்டர்டேல் 2015 இல் வெளிவந்தது. அதன் தொடக்கப் பகுதி மட்டும் மாதிரி ஆட்டமாக 2013 இலேயே வெளியிடப்பட்டது. முழுமையான ஒரு சிறு பகுதியை மக்கள் ஆடிப் பார்த்த பின்னரே எஞ்சிய பெரும்பகுதி உருவாயிற்று.

முதல் முன்மாதிரியின் அளவு

முதல் முன்மாதிரியில் பின்வருவன இருந்தால் போதும்: ஓர் ஊர், ஒரு கடை, ஒரு விடுதி, ஒரு வெளி, ஒரு நிலவறை, மூன்று எதிரிகள், ஓர் இறுதி எதிரி, ஒரு முடிவு. தொடக்கம் முதல் முடிவு வரை இருபது அல்லது முப்பது மணித்துளிகளில் ஆடிவிடக்கூடியதாக இது இருக்கலாம். படங்களுக்குப் பதிலாக வண்ணச் சதுரங்களையே பயன்படுத்தலாம்.

இங்கு முடிவு என்பது இன்றியமையாதது. முடிவுள்ள சிறு ஆட்டம் ஒரு படைப்பு. முடிவில்லாத பெரிய ஆட்டம் ஒரு கோப்புறை மட்டுமே.

எண்களைச் சரிசெய்தல்

புதியவர் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது எண்களின் விளைவையே. பின்வரும் எளிய விதியைக் கொள்வோம்: சேதம் = அடிப்பவரின் தாக்குதல் − அடிபடுபவரின் தற்காப்பில் பாதி. வீரரே முதலில் அடிக்கிறார்.

வீரரின் தாக்குதல் 9, தற்காப்பு 4, உயிர்ப்புள்ளி 20 என்க. எதிரியின் தாக்குதல் 6, தற்காப்பு 4, உயிர்ப்புள்ளி 12 என்க. வீரரின் ஓர் அடி 7 சேதம் தரும். இரண்டு அடிகளில் எதிரி வீழும். அதற்குள் எதிரி ஒருமுறை அடித்து 4 சேதம் தரும்.

இப்போது தாக்குதலை 3 கூட்டும் ஒரு வாளைக் கடையில் வைத்தால் என்னவாகும்? ஓர் அடியின் சேதம் 10 ஆகிறது. எதிரி வீழ அப்போதும் இரண்டு அடிகள் வேண்டும். காசு கொடுத்து வாங்கிய வாளால் எந்த மாற்றமும் இல்லை. மாறாக, 5 கூட்டும் வாளை வைத்தால் சேதம் 12 ஆகி, எதிரி முதல் அடியிலேயே வீழ்ந்துவிடும். வீரருக்கு இழப்பே இல்லை. ஒரு வாள் பயனற்றது, மற்றொன்று ஆட்டத்தையே முடித்துவிடுவது.

வாளில் பிழையில்லை, எதிரியின் உயிர்ப்புள்ளி மிகக் குறைவு என்பதே பிழை. எதிரிக்கு 30 உயிர்ப்புள்ளியும் வீரருக்கு 40 உயிர்ப்புள்ளியும் தந்தால், பழைய வாளுடன் ஐந்து அடிகள் வேண்டும். அதற்குள் 16 புள்ளிகள் இழப்பாகும். 3 கூட்டும் வாளுடன் மூன்று அடிகள் போதும். இழப்பு 8 ஆகக் குறையும். முன்னர் இரண்டு எதிரிகளை வென்றவுடன் ஊர் திரும்ப வேண்டியவர், இப்போது நான்கு எதிரிகளை வெல்லலாம். வாங்கிய வாளின் மதிப்பை ஆடுபவர் உணர்கிறார்.

இத்தகைய கணக்குகளை நிரல் எழுதும் முன்னரே விரிதாளில் செய்து பார்க்கலாம். எதிரிகள், கருவிகள், விலைகள் ஆகியவற்றை நிரலுக்குள் ஆங்காங்கே எழுதாமல் தனி அட்டவணையாக வைத்துக்கொண்டால் பின்னர் மாற்றுவது எளிது.

சேமிப்பு

சேமிப்பு வசதியைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது பொதுவான தவறாகும். எவற்றை ஆட்டம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்ற வினா, நிரலின் முழு அமைப்பையும் தீர்மானிக்கிறது. திறந்த பெட்டி மீண்டும் மூடியிருக்குமா, இறந்த காவலர் மீண்டும் வருவாரா என்பன இதில் அடங்கும்.

டிராகன் குவெஸ்ட் முதல் ஆட்டத்தில் நினைவகச் சேமிப்பு இல்லை. 20 எழுத்துகள் கொண்ட ஒரு கடவுச்சொல்லை ஆடுபவர் தாளில் எழுதி வைத்துக்கொண்டார். பெயர், அனுபவப் புள்ளி, காசு, பொருட்கள், நிகழ்ந்து முடிந்த சில நிகழ்வுகள் ஆகியன மட்டுமே அதில் அடங்கின. வீரரின் நிலை அதில் எழுதப்படவில்லை. அனுபவப் புள்ளியிலிருந்து அதைக் கணித்துவிடலாம். ஒன்றிலிருந்து கணிக்கக்கூடிய மற்றொன்றைச் சேமிக்காதிருத்தல் இன்றும் நல்ல நெறியே. அவ்வாறு சேமித்தால் இரண்டும் முரண்படும் நாள் ஒன்று வரும்.

கருவிகள்

ஆட்டப் பொறியைத் தானே எழுதத் தொடங்குபவர், பொறியை எழுதுவார், ஆட்டத்தை எழுதமாட்டார். நிரலாக்கம் நன்கு அறிந்தவர்களுக்கும் இது பொருந்தும். பின்வருவன பரவலாகப் பயன்படுபவை:

* ஆர்.பி.ஜி. மேக்கர்: இவ்வகை ஆட்டங்களுக்கெனவே உருவான வணிக மென்பொருள். இதன் தொடக்கப் பதிப்புகளுள் ஒன்று 1992 இல் சப்பானில் வெளிவந்தது. நிலப்படம், போர், கடை, சேமிப்பு ஆகியன ஆயத்தமாகவே கிடைக்கும். 2020 இல் வெளிவந்த எம்.இசட். பதிப்பை ஜாவாஸ்கிரிப்ட் மூலம் விரிவாக்கலாம். மேற்குறித்த டு த மூன் இம்மென்பொருளின் எக்ஸ்.பி. பதிப்பில் உருவானது.
* கோடோ: 2014 இல் எம்.ஐ.டி. உரிமத்தின் கீழ்த் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட பொதுப் பயன் ஆட்டப் பொறி. போர், உரையாடல் போன்றவற்றைத் தாமே அமைக்க வேண்டும்.
* கேம்மேக்கர்: இருபரிமாண ஆட்டங்களுக்கு ஏற்ற பொறி. அண்டர்டேல் இதில் உருவானது.

நிரலாக்கம் அறியாதவர் முதலாவதில் தொடங்குவது நன்று. போர் முறையையே புதிதாக வடிவமைக்க விரும்புபவருக்குப் பின்னிரண்டும் பொருந்தும்.

தமிழில் உருவாக்கும்போது

உரையாடல் மிகுந்த வகை என்பதால், ஆட்டத்தைத் தமிழில் செய்ய விரும்புபவர் முதல் நாளிலேயே எழுத்துருவைச் சோதிக்க வேண்டும். 'கொ' என்பதில் கொம்பு மெய்யின் முன்னும் கால் அதன் பின்னும் வரவேண்டும். எழுத்துகளை வரிசையாக அடுக்கிக் காட்ட மட்டுமே அறிந்த பொறி இதைத் தவறாகக் காட்டும். கோடோவில் இத்தகைய சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவு 2023 இல் வெளிவந்த 4.0 பதிப்பில் சேர்ந்தது.

உரையாடலை எழுத்தெழுத்தாகத் திரையில் தோன்றச் செய்யும் வழக்கமும் சிக்கல் தரும். ஒருங்குறியில் 'கி' என்பது இரு குறியீடுகள். குறியீடு குறியீடாகக் காட்டினால் முதலில் 'க' தோன்றிப் பின்னர் 'கி' ஆக மாறும். எனவே முழு எழுத்தாகப் பிரித்துக் காட்ட வேண்டும்.

இலக்கணமும் கவனிக்கத்தக்கது. பொருளின் பெயருடன் 'ஐ' உருபை நிரல் தானே ஒட்டினால், வாள் 'வாளை' எனச் சரியாக வரும். மரம் 'மரமை' எனப் பிழையாக வரும். "மரம் கிடைத்தது" என எழுவாயாக அமையும் தொடரைத் தெரிவு செய்தால் இச்சிக்கல் எழாது.

படங்களும் இசையும்

வரையத் தெரியாமை தடையன்று. 2012 இல் நடைபெற்ற லிபரேட்டட் பிக்சல் கப் போட்டியின் வழியாக, ஒரே பாணியில் அமைந்த பாத்திரங்களும் நிலப்படக் கட்டங்களும் கட்டற்ற உரிமத்தில் கிடைத்தன. ஓப்பன்கேம்ஆர்ட் தளத்தில் இவையும் இசைக் கோப்புகளும் உள்ளன. ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் ஆக்கியோர் பெயரையும் எடுக்கும்போதே குறித்து வைக்க வேண்டும். பிற ஆட்டங்களிலிருந்து படங்களை எடுத்துப் பயன்படுத்தினால், முடித்த ஆட்டத்தை வெளியிட இயலாமல் போகும்.

முடித்தலும் வெளியிடலும்

முன்மாதிரி இயங்கத் தொடங்கியதும், அதை உருவாக்காத ஒருவரிடம் தந்து, எதுவும் சொல்லாமல் அவர் ஆடுவதைப் பார்க்க வேண்டும். அவர் எங்கே நிற்கிறார், எதைக் கவனிக்காமல் கடக்கிறார் என்பவை எந்த ஆவணத்திலும் கிடைக்காத செய்திகள். விளக்கம் சொல்ல நா எழும் ஒவ்வோர் இடமும் ஆட்டத்தில் திருத்த வேண்டிய இடமாகும்.

இடையில் தோன்றும் புதிய எண்ணங்களைத் தனிப் பட்டியலில் எழுதி, இரண்டாம் ஆட்டத்திற்கென ஒதுக்கலாம். நெடுங்காலமாக மனத்தில் உள்ள பெருங்கதையையும் முதல் ஆட்டத்தில் செலவிடாமல் இருப்பது நல்லது. அதைச் சொல்லத் தேவையான திறன், சிறிய ஆட்டம் ஒன்றை முடித்த பின்னரே கைவரும்.