ஒரு லிட்டர் காற்றும் நீச்சலும்

புதுச்சேரி நகருக்கு வடமேற்கே, திண்டிவனம் செல்லும் சாலையில் இருக்கிறது கோரிமேடு. பெயரிலேயே மேடு இருக்கிறது. செம்மண் படர்ந்த இந்த உயரமான பூமியில் ஆறு இல்லை, கடல் இல்லை. ஆனால் மேட்டை விட்டு இறங்கினால் எந்தத் திசையிலும் தண்ணீர்தான். கிழக்கே வங்கக் கடல், மேற்கே ஊசுட்டேரி, தெற்கே சங்கராபரணி ஆறு. விடுமுறை நாட்களில் இவற்றின் கரைகளுக்குப் போகாத மாணவர்கள் குறைவு.

கோரிமேட்டிற்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வளர்ந்து, 1964-ல் ஜிப்மர் என்று பெயர் பெற்ற பெரிய மருத்துவமனை இங்குதான் இருக்கிறது. ஆனால் தண்ணீரில் மூழ்குபவருக்கு, மருத்துவமனை பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது. ஆக்சிஜன் கிடைக்காமல் போனால் நமது மூளை 4 முதல் 6 நிமிடங்களுக்குள் பழுதுபடத் தொடங்கிவிடும். அதற்குள் எந்த வண்டி வந்து சேரும்?

2021-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 5 முதல் 14 வயது வரை உள்ளவர்களின் சாவுக்குரிய காரணங்களில் இதற்கு மூன்றாவது இடம். ஆகவே நீச்சல் ஒரு விளையாட்டு மட்டுமல்ல. உயிர் காக்கும் கல்வி. அந்தக் கல்வியைப் படிப்படியாகக் கற்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் பின்னால் நீங்கள் பௌதிக வகுப்பில் படித்த பாடம் ஒன்று இருக்கிறது.

மிதக்கிறோமா, மூழ்குகிறோமா?

ஒரு பொருளை நீரில் அமிழ்த்தினால், அது எவ்வளவு நீரை விலக்குகிறதோ அந்த நீரின் எடைக்குச் சமமான விசை அப்பொருளை மேல்நோக்கித் தள்ளுகிறது. இது ஆர்க்கிமிடிஸ் தத்துவம். இதை நம் உடலுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

45 கிலோ எடையுள்ள ஒரு மாணவனை எடுத்துக்கொள்வோம். அவன் நன்றாக மூச்சை இழுத்து நிறுத்தினால் அவன் உடலின் கன அளவு ஏறத்தாழ 46 லிட்டர் இருக்கும். முழுவதும் நீருக்குள் இருந்தால் அவன் விலக்கும் நீரின் எடை 46 கிலோ. அவன் எடையோ 45 கிலோ. மிச்சம் ஒரு கிலோ. அந்த ஒரு கிலோதான் அவனை மிதக்க வைக்கிறது!

இப்போது அவன் மூச்சை முழுவதும் வெளியே விடுகிறான். சுமார் 3 லிட்டர் காற்று போய்விடுகிறது. கன அளவு 43 லிட்டராகக் குறைகிறது. எடை அதே 45 கிலோ. இனி அவன் மூழ்க வேண்டியதுதான்.

இது தோராயக் கணக்கு. கொழுப்பு நீரைவிட இலேசானது. எலும்பும் தசையும் நீரைவிடக் கனமானவை. எனவே ஒல்லியான உடலுக்கு மிச்சம் இன்னும் குறைவு. சற்றுப் பருத்த உடலுக்கு அதிகம். ஆனால் எல்லோருக்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. மிதப்பதற்கும் மூழ்குவதற்கும் இடையே இருப்பது ஓரிரு லிட்டர் காற்றுதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை

ஒரு பிளாஸ்டிக் பாட்டில் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் தலை உள்ள சொட்டு மருந்துக் குழலில் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி, அதன் தலை மட்டும் வெளியே தெரியும்படி பாட்டிலில் மிதக்க விடுங்கள். மூடியை இறுக்கமாக மூடிப் பாட்டிலை இரு கைகளாலும் அழுத்துங்கள். குழல் மூழ்கும். கையை எடுத்தால் மேலே வரும். காரணம் என்ன? நீங்கள் அழுத்தும்போது குழலுக்குள் இருக்கும் காற்று சுருங்குகிறது. கூடுதலாகச் சில சொட்டு நீர் உள்ளே புகுகிறது. அந்தச் சில சொட்டுகளே அதை மூழ்கடிக்கப் போதும். நம் நுரையீரலும் இந்தக் குழலைப் போன்றதே.

முதற் படி: மூச்சு

இடுப்பளவு நீரில், கற்றுத் தருபவர் அருகில் இருக்கும்போதுதான் பயிற்சியைத் தொடங்க வேண்டும். முதலில் கையும் வேண்டாம், காலும் வேண்டாம். வாயால் மூச்சை இழுத்து, முகத்தை நீரில் அமிழ்த்தி, மூக்காலும் வாயாலும் குமிழிகளாக மெல்ல விடப் பழக வேண்டும்.

ஏன் நீருக்குள்ளேயே விட வேண்டும்? மூச்சு முட்டுவது போன்ற உணர்வு பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் வருவதன்று. இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால் வருவது. புதிதாகக் கற்பவர் மூச்சை அடக்கிக்கொண்டே இருந்து, தலையைத் தூக்கிய அரை நொடியில் விடவும் இழுக்கவும் முயல்கிறார். நேரம் போதாமல் தண்ணீரைக் குடிக்கிறார். நீருக்குள்ளேயே விட்டுவிட்டால், வெளியே வந்ததும் இழுப்பது ஒன்றே வேலை.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீருக்கடியில் நெடுநேரம் இருக்க வேண்டும் என்று சிலர் வேகவேகமாகப் பலமுறை மூச்சு வாங்கிவிட்டு மூழ்குவார்கள். அதனால் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறிக் குறைந்துவிடும். மூச்சு முட்டும் அறிகுறி தோன்றுமுன்பே ஆக்சிஜன் தீர்ந்து, நீருக்குள்ளேயே மயக்கம் வரும். இந்தப் பந்தயத்தில் ஒருபோதும் இறங்காதீர்கள்.

இரண்டாம் படி: மிதத்தல்

நம் மாணவனின் மிச்சம் ஒரு கிலோ என்று பார்த்தோம். அதாவது அவன் உடலில் ஒரு லிட்டர் அளவு மட்டுமே நீருக்கு வெளியே இருக்க முடியும். எந்த ஒரு லிட்டரை வெளியே வைப்பது என்பதுதான் கேள்வி.

பயந்தவர் தலை முழுவதையும் வெளியே தூக்குகிறார். தலையின் கன அளவு சுமார் 4 லிட்டர். கணக்கு எங்கே சரியாகும்? உடல் கீழே போகிறது. உதவிக்குக் கையைத் தூக்கினால் நிலைமை இன்னும் மோசம். ஒரு கை மட்டுமே 2 கிலோவுக்கு மேல் இருக்கும். கையை உயர்த்த உயர்த்த வாய் நீருக்குள் இறங்கும்.

சரியான முறை என்ன? மல்லாந்து படுத்து, காது இரண்டும் நீருக்குள் இருக்கும்படி தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும். மூக்கும் வாயும் உள்ள முகம் மட்டும் வெளியே இருக்கும். அந்த ஒரு லிட்டர் போதும், உயிர் வாழ!

அப்படியும் சிலருக்குக் கால் கீழே போகும். நீரின் மேல்நோக்கு விசை காற்று நிறைந்த மார்புப் பகுதியில் செயல்படுகிறது. உடலின் எடை மையமோ தொப்புளுக்கு அருகில், சற்றுக் கீழே இருக்கிறது. ஆகவே தராசு சாய்வதுபோல் கால் இறங்குகிறது. கைகளைத் தலைக்கு அப்பால் நீட்டுங்கள். எடை மையம் மார்பை நோக்கி நகரும், கால் மேலெழும்பும்.

நம் கிராமங்களில் கிணற்றில் நீந்தப் பழக்கும்போது முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி விடுவார்கள். 2 லிட்டர் குடுக்கை, தன் எடை போக, ஏறத்தாழ 2 கிலோவைத் தாங்கும். வெளியே கட்டிய இன்னொரு நுரையீரல் என்றே அதைச் சொல்லலாம்.

மூன்றாம் படி: வழுக்கிச் செல்லுதலும் உதைத்தலும்

சுவரைக் காலால் உந்திவிட்டு, அம்பு போல் நீண்டு, குப்புற வழுக்கிச் செல்ல வேண்டும். நீர் காற்றைப்போல் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. எனவே அதன் தடையும் அதிகம். உடல் சரிவாக இருந்தால் பெரிய பரப்பு நீரை எதிர்கொள்ளும். நேராகக் கிடந்தால் சிறிய பரப்பு மட்டுமே எதிர்கொள்ளும். வேகத்தை இருமடங்காக்கினால் தடை நான்கு மடங்காகும். ஆகையால் பலத்தைக் கூட்டுவதைவிட உடலை நேராக்குவதே புத்திசாலித்தனம்.

பிறகு உதைத்தல். சைக்கிள் மிதிப்பதுபோல் முழங்காலை மடக்கி உதைத்தால் தண்ணீர்தான் சிதறும். இடுப்பிலிருந்து காலை அசைத்து, கணுக்காலைத் தளர்வாக விட வேண்டும்.

நான்காம் படி: கையும் மூச்சும்

உள்ளங்கையால் நீரைப் பின்னால் தள்ளுகிறோம். நீர் நம்மை முன்னால் தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. மூச்சு எடுக்கத் தலையைத் தூக்கக் கூடாது. பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தூக்கினால் 4 லிட்டர் கணக்கு மீண்டும் வந்துவிடும். ஒரு காது நீரில் இருக்க, வாய் மட்டும் வெளியே வந்தால் போதும்.

ஐந்தாம் படி: ஆழம்

கால் தரையில் எட்டும்வரை நன்றாக நீந்துபவர், எட்டாத இடம் வந்ததும் தடுமாறுகிறார். ஆழம் அதிகமானால் நீர் தாங்காதா? மேல்நோக்கு விசை, விலக்கப்படும் நீரின் எடையைப் பொறுத்தது; கீழே எத்தனை மீட்டர் நீர் இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. மேற்பரப்பில் மிதப்பவரை 2 மீட்டர் நீரும் 20 மீட்டர் நீரும் ஒரே அளவில்தான் தாங்குகின்றன. மாறுவது நம் மனமும் மூச்சும்தான். பயத்தில் மூச்சு சிறிதாகிறது, உடல் விறைக்கிறது, தலை உயர்கிறது. முதல் இரண்டு படிகள் கெட்டுப்போகின்றன. அதனால்தான் ஆழத்தில் நின்ற இடத்திலேயே மிதக்கவும், களைத்தால் மல்லாந்து இளைப்பாறவும் தனியே பழக வேண்டும்.

எவ்வளவு தெரிந்தால் போதும்? பங்களாதேசத்தின் கிராமங்களில், குளத்துக்குள் மூங்கிலால் மேடையும் தடுப்பும் அமைத்துச் சிறுவர்களுக்கு நீச்சல் கற்பித்து வருகிறார்கள். 25 மீட்டர் நீந்தவும் 30 விநாடி மிதக்கவும் முடிவது அங்கே தேர்ச்சிக்கு அளவு. விலை உயர்ந்த நீச்சல்குளம் இல்லாமலும் இதைச் செய்யலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

வயது தாண்டிவிட்டதே என்று எண்ண வேண்டாம். மிஹிர் சென் என்னும் வங்காளி இளைஞர் சட்டம் படிக்க இலண்டன் சென்றவர். நீச்சலில் தேர்ந்தவரல்லர். ஆங்கிலக் கால்வாயை ஒரு பெண்மணி நீந்திக் கடந்த செய்தியைப் படித்த பிறகு, அங்கேயே முறையாகப் பயின்றார். பல முயற்சிகளில் தோற்று, 1958 செப்டம்பர் 27-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் இந்தியரானார். 1966 ஏப்ரலில் இலங்கையிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாக் நீரிணையை 25 மணி நேரத்துக்கு மேல் நீந்தி வந்தார். அதே நீரிணையை 1954-லேயே யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நவரத்தினசாமி நீந்திக் கடந்திருந்தார். சென்னையைச் சேர்ந்த குற்றாலீசுவரன் 1994-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது அவர் வயது 12.

கடல் வேறு, குளம் வேறு

கடல் நீரில் உப்பு இருப்பதால் அதன் அடர்த்தி சுமார் இரண்டரை விழுக்காடு அதிகம். நம் மாணவனின் மிச்சம் அங்கே ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோவாகிறது. ஆனால் அதை நம்பிக் கடலில் இறங்குவது அறிவீனம். கரையில் மோதிய அலைநீர் திரும்பும்போது, சில இடங்களில் குறுகிய ஓடைபோல் சேர்ந்து கடலுக்குள் பாயும். அந்த நீரோட்டத்தின் வேகம் விநாடிக்கு 2 மீட்டர் வரை போகலாம். புதிதாகக் கற்றவர் விநாடிக்கு ஒரு மீட்டர் நீந்துவதே அரிது. எதிர்த்து நீந்தினால் களைப்புதான் மிஞ்சும். சிக்கிக்கொண்டால் மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, ஓட்டத்தை விட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும்.

பிறர் மூழ்கினால்?

மூழ்குபவர் சினிமாவில் வருவதுபோல் கூவி அழைப்பதில்லை. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எப்படி வரும்? பெரும்பாலும் சத்தமின்றி, ஒரு நிமிடத்திற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. காப்பாற்றக் குதித்தவரை அவர் பிடித்து அமுக்க, இருவரும் மூழ்கிய துயரங்கள் பல. ஆகவே பயிற்சி இல்லாதவர் குதிக்கக் கூடாது. பெரியவர்களைக் கூவி அழையுங்கள். கயிறு, புடவை, நீண்ட கழி எதையாவது நீட்டுங்கள். மூடி இறுக மூடிய 5 லிட்டர் காலி எண்ணெய் கேனை எறியுங்கள். அது தாங்குவது ஏறத்தாழ 5 கிலோ. ஒருவரின் தலையை நீருக்கு மேலே நிறுத்த அதுவே போதும்.

கரை சேர்த்தவருக்கு மூச்சு இல்லையென்றால், தலைகீழாகத் தூக்குவதும் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. பொன்னான நிமிடங்கள் வீணாகும். உடனே 108-ஐ அழைத்துவிட்டு, முறை தெரிந்தவர் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, பின்னர் மார்பை அழுத்த வேண்டும். இதையும் நீச்சலோடு சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள்.

யார் நல்ல நீச்சல்காரர்? வேகமாகப் போகிறவர் மட்டுமல்லர். நடுநீரில் களைத்தபோது பதறாமல் மல்லாந்து, முகத்தை மட்டும் வெளியே வைத்து, நிதானமாக மூச்சு விடத் தெரிந்தவரே நல்ல நீச்சல்காரர். அதற்குத் தேவையான ஒரு லிட்டர் காற்று எல்லோரிடமும் இருக்கிறது.