பூங்காவின் ‘பயனாளர்’ யார்?

பொதுப் பூங்கா என்றதும் மரநிழலும் நடைபாதையும் ஊஞ்சலும் நம் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அரசே நடத்தும் வேறொரு வகைப் பூங்காவும் உண்டு. சாலைக்கு வெளியே, மலைச்சரிவிலும் மணலிலும் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கும் நான்கு சக்கர வண்டிகளுக்குமான பூங்கா அது. அத்தகைய பூங்காக்களுள் ஒன்றை விரிவாக்கும் திட்டம் இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டு 2021இல் கைவிடப்பட்டது. ‘பொது’ என்ற சொல் ஒரு திட்ட ஆவணத்தில் எப்போது, யாரால் பொருள் பெறுகிறது என்பதை அறிய அந்த வழக்கு நமக்கு நல்ல பாடம்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. பொது நீர்நிலைகளைத் தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்களும் பயன்படுத்தலாம் என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. மகாடு நகராட்சி அதை ஏற்று 1924இல் சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கரோடு சென்று அந்த நீரை அள்ளியவர்கள் அடிவாங்கினார்கள். காகிதத்தில் மூன்றாண்டுகளாகப் பொதுவாக இருந்த குளம் அது.

இனி கலிபோர்னியாவுக்கு வருவோம். லிவர்மோர், ட்ரேசி ஆகிய நகரங்களுக்கு இடையே உள்ள குன்றுப் பகுதியில் கார்னெகி வாகனப் பூங்கா ஏறத்தாழ 1,500 ஏக்கரில் அமைந்திருக்கிறது. அதை ஒட்டி, முன்பு நிலக்கரிச் சுரங்கமும் டெஸ்லா என்ற சிற்றூரும் இருந்த ஏறத்தாழ 3,100 ஏக்கர் நிலத்தை மாநிலப் பூங்காத் துறையின் வாகனப் பிரிவு 1990களில் வாங்கியது. (மின்கார் நிறுவனம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அந்த ஊருக்கு அப்பெயர் வந்துவிட்டது.) வாங்கியதன் நோக்கம் ஒளிவுமறைவற்றது. கார்னெகியின் வாகனத் தடங்களை அந்நிலத்துக்குள் நீட்டுவதே திட்டம்.

வாகனத் தடங்களைத் திட்டமிடுவது ஒரு தனிக் கலை என்பதை நாம் மறுக்கவில்லை. வண்டிகளை இறக்கி நிறுத்த விரிந்த இடம் வேண்டும். சிறுவரும் புதியவரும் பழகத் தட்டையான திடல் தனியே வேண்டும். எதிரெதிரே மோதாமல் இருக்கத் தடங்கள் ஒருவழியாக வளைந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். எளிய தடத்துக்குப் பச்சை வட்டம், கடினமான தடத்துக்குக் கறுப்பு வைரம் என அடையாளம் நடப்படும். செங்குத்தான சரிவில் சக்கரம் பதித்த பள்ளம் ஒரே மழையில் ஓடையாகிவிடும் என்பதால், நீரை அங்கங்கே தடத்திலிருந்து விலக்கிவிட மேடுபள்ளம் அமைப்பார்கள்; வண்டல் ஆற்றில் சேராமல் தடுக்கக் குட்டைகள் வெட்டுவார்கள்; மழை பெய்தபின் தடத்தை மூடிவைப்பார்கள். ஒலிக்கும் வரம்பு உண்டு. 1986க்குப் பிறகு செய்யப்பட்ட வண்டி, புகைபோக்கியிலிருந்து 20 அங்குலத் தொலைவில் 96 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது அம்மாநில விதி.

ஆனால் இவை அனைத்தும், ஒரு நிலத்தில் வாகனம் ஓடும் என்று முடிவான பிறகு எழும் கேள்விகள். நாம் பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய கட்டத்தை.

1971இல் கலிபோர்னியா இயற்றிய சட்டம் இவ்வாகனங்களுக்கென ஒரு தனி நிதியை உருவாக்கியது. எரிபொருள் வரியில் ஒரு பங்கும், வண்டிப் பதிவுக் கட்டணமும், பூங்கா நுழைவுக் கட்டணமும் அந்நிதியில் சேர்கின்றன. அதைக் கையாளத் துறைக்குள் ஒரு தனிப் பிரிவும், மேற்பார்வைக்கு ஓர் ஆணையமும் வந்தன. நிதி, பிரிவு, ஆணையம் என மூன்றும் கைவசம் இருந்தபடியால், டெஸ்லா நிலத்தை வாங்கும்போது வண்டி ஓட்டுபவர் முன்கூட்டியே ‘பயனாளர்’ ஆகிவிட்டார். எங்கள் பணத்தில் வாங்கிய நிலம் எங்களுக்கே என்று அவர்கள் வாதிட்டார்கள். அந்த வாதத்தை வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் செலுத்திய கட்டணம் உண்மையானது. ஆயினும் வரி கட்டியவன் குளத்துக்கு உரியவன் என்ற தர்க்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் முன்னோர் அறிவார்கள்.

அந்தக் குன்றுகளில் ஓலோனி, யோகுட் முதலிய பூர்வகுடிகளின் புனித இடங்கள் உள்ளன. அரிய தாவரங்களும் விலங்குகளும் வாழும் நிலமும் அதுவே. திட்ட ஆவணத்தின் மொழியில் இவை ‘வளங்கள்’. வளத்துக்கு ஏற்படும் பாதிப்பைக் குறைக்க வேலி போடலாம், தடத்தைச் சற்று விலக்கலாம், அறிவிப்புப் பலகை வைக்கலாம். மூதாதையரை வணங்க வருபவர் அந்த ஆவணத்தில் பயனாளர் ஆவதில்லை; அவர் வணங்கும் இடம் வளமாகிறது, அவர் காணாமல் போகிறார். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளைப் படிக்கும் மாணவர்கள் இந்த இலக்கண மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் ஆவணங்களில் ‘தரிசு’ என்ற ஒற்றைச் சொல்லும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இதற்குச் சட்டத்தில் மருந்தே இல்லை என்று சொல்ல முடியாது. கூட்டாட்சி அரசின் நிலங்களில் இவ்வாகனங்களை ஒழுங்குபடுத்த 1972இல் அதிபர் நிக்சன் பிறப்பித்த ஆணை, மண், நீர்ப்பிடிப்பு, தாவரம், காட்டுயிர், பிற பயன்பாடுகளுடனான மோதல் ஆகியவற்றைக் கருதித் தடங்களைத் தெரிவு செய்யச் சொன்னது. பண்பாட்டு, வரலாற்று வளங்கள் சிதைந்தால் தடத்தை உடனே மூட வேண்டும் என்ற வரி, 1977இல் கார்ட்டரின் ஆணையில்தான் சேர்ந்தது. கலிபோர்னியாவில் பூர்வகுடிகளிடம் முறைப்படி கலந்தாலோசிக்க வேண்டும் என்ற சட்டம் 2014இல் வந்தது. கலந்தாலோசனை என்பது ஒப்புதல் ஆகாது. 2013இல் ஒடிசாவின் நியமகிரியில் 12 கிராம சபைகள் வேதாந்தாவின் சுரங்கத்தை வேண்டாம் என்றபோது அந்த ‘வேண்டாம்’ செல்லுபடியானது. கலந்தாலோசனையில் சொல்லப்படும் ‘வேண்டாம்’ கோப்பில் பதிவாகும், அவ்வளவே.

பயனாளர் பட்டியலில் விடுபடும் இன்னொரு கூட்டம், பூங்காவுக்குள் காலடியே வைக்காதவர்கள். அதே மாநிலத்தின் கடற்கரையில் உள்ள ஓசியானோ மணல்மேடுகளில் பல்லாண்டுகளாக வண்டிகள் ஓடுகின்றன. சக்கரங்கள் மணலின் மேற்பரப்பைக் குலைக்க, கடற்காற்று நுண்துகளை அள்ளிச்சென்று நிப்போமோ மேட்டுப்பகுதி மக்களின் மூச்சில் சேர்க்கிறது. மாவட்டக் காற்றுத் தர அமைப்பு 2011இல் தனி விதியே இயற்ற வேண்டியிருந்தது. 2021 மார்ச்சில் கடற்கரை ஆணையம், மூன்றாண்டுகளில் அங்கே இவ்வாகனங்களை நிறுத்த வாக்களித்தது. 2023இல் நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அம்முடிவை ரத்து செய்தது. அதிகாரம் யாருக்கு என்ற வழக்கில் தூசு வாதியாகவும் இல்லை, பிரதிவாதியாகவும் இல்லை.

அதிகாரம் பற்றிய கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்த இடம் யூட்டா மாநிலத்தின் சான் வான் மாவட்டம். அங்குள்ள ரீகாப்சர் பள்ளத்தாக்கில் இன்றைய ஹோப்பி, ஸூனி முதலிய மக்களின் முன்னோர் வாழ்ந்த குடியிருப்புகளும் புதைகுழிகளும் உள்ளன. குடியிருப்பை ஒட்டிய குப்பைமேட்டில் இறந்தோரைப் புதைப்பது அம்மக்களின் வழக்கங்களுள் ஒன்று. ஆகவே வண்டிக்காரனின் கண்ணுக்கு வெறும் மண்மேடாகத் தெரிவது ஒருவருடைய பாட்டியின் கல்லறையாக இருக்கக்கூடும். அந்தப் பள்ளத்தாக்கில் சிலர் அனுமதியின்றி வண்டித்தடம் அமைத்தார்கள். கூட்டாட்சி நில நிர்வாகம் 2007இல் அங்கே மோட்டார் வாகனங்களைத் தடை செய்தது. 2014 மே மாதம் மாவட்ட ஆணையர் பில் லைமன் தலைமையில் ஒரு கூட்டம் தடையை மீறி வண்டிகளோடு உள்ளே இறங்கியது. 2015இல் அவருக்குப் பத்து நாள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் அவரை மன்னித்தார்.

இதைச் சட்டமீறல் செய்தியாக மட்டும் படித்தால் பாதி விடுபடும். அந்த மாவட்டத்தின் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதி பூர்வகுடிகள், பெரும்பாலும் நவஹோக்கள். மாவட்ட ஆணையத்திலோ மூன்று இடங்கள். பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலங்களில் வாழ்வோரின் வாக்குரிமைக்கு எதிரான சட்டத்தை யூட்டா 1957இல்தான் நீக்கியது. கூட்டாட்சி அரசு 1980களில் வழக்குத் தொடுத்த பிறகு தனித் தொகுதிகள் வந்தன. 1986இல் மார்க் மேரிபாய் முதல் நவஹோ ஆணையராகத் தேர்வானார். ஆனால் பூர்வகுடி வாக்காளர்களில் பெரும்பகுதியினரை ஒரே தொகுதிக்குள் அடைத்து, மீதி இரண்டையும் வெள்ளையர் கையில் வைத்திருந்தது அந்த வரைபடம். தொகுதி வரையறையின் சூட்சுமங்களை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நவஹோ தேசம் தொடுத்த வழக்கில் அந்த வரைபடம் அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பாகி, 2017 டிசம்பரில் நீதிமன்றமே புதிய வரைபடத்தை நடைமுறைப்படுத்தியது. 2018 தேர்தலில் ஆணையத்தின் மூன்று இடங்களில் இரண்டு நவஹோக்களுக்குக் கிடைத்தன. 2014இல் வண்டியோடு பள்ளத்தாக்கில் இறங்கிய ஆணையர், இந்தப் பழைய வரைபடத்தின் காலத்தில் அந்த இருக்கையில் இருந்தவர்.

ஆகவே பூங்காத் திட்டத்தை எதிர்கொள்ளும் செயற்பாட்டாளர் தட வரைபடத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே நெடுந்தூரம் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. நிலம் எந்த நிதியில் வாங்கப்பட்டது, அந்நிதியின் விதி யாரைப் பயனாளராக எழுதிவைத்திருக்கிறது, தீர்மானிக்கும் மன்றத்தின் இருக்கைகள் எப்படி நிரம்பின, இதற்கு முன் அந்நிலத்தில் நடந்தவர்கள், மேய்த்தவர்கள், புதைத்தவர்கள் ஆவணத்தின் எந்தப் பக்கத்தில் வருகிறார்கள், அல்லது வருகிறார்களா? பொதுக் கருத்துக் கேட்பு அறிவிக்கப்படும் நாளில் இவற்றில் பெரும்பாலானவை முடிந்துபோன செய்திகளாக இருக்கும்.

டெஸ்லாவில் அப்படி முடிந்துபோன ஒன்றைத் திருப்ப முடிந்தது. 2016இல் துறை ஏற்பளித்த சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையை எதிர்த்து உள்ளூர் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. 2018இல் அது செல்லாதென்று தீர்ப்பானது. 2021 செப்டம்பரில் ஆளுநர் நியூசம் கையெழுத்திட்ட சட்டம், அந்நிலத்தை மோட்டார் வாகனங்கள் நுழையாத மாநிலப் பூங்காவாக வகைப்படுத்தியது. வண்டி ஓட்டுவோரின் நிதிக்கு 2.98 கோடி டாலர் ஈடாகத் திருப்பி அளிக்கப்பட்டது. வெற்றி கொண்டாடியவர்கள் அதிகம் பேசாத ஒரு விவரமும் அதோடு உண்டு. வாகனப் பூங்காவுக்கு வேறிடம் தேடவும் தனியே பணம் ஒதுக்கப்பட்டது. அந்த வேறிடத்திலும் எவரேனும் இருப்பார்கள்.